வீட்டுப் பந்தலில் திராட்சைக்கொடி



நம் ஆண்டவராகிய சேசுநாதர் சுவாமி பாடுபடுவதற்கு முந்தின இரவில், கடைசி இராப்போஜனத்துக்குப் பின் தம் சீஷர்களுக்குச் சொன்ன பிரியாவிடைப் போதகத்திலே திராட்சைக்கொடியின் உவமை வருகிறது. தாமே மெய்யான கொடி என்றும், பரம பிதாவே அதைப் பேணுகிற தோட்டக்காரர் என்றும், நாம் அதன் கிளைகள் என்றும் அவர் சொன்னார். கனி கொடாத கிளையைப் பிதா அகற்றிவிடுகிறார். கனி கொடுக்கிற கிளையையோ, இன்னும் மிகுதியாய்க் கொடுக்கும்படி கத்தியால் நறுக்குகிறார். இதை அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 15-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

அந்த வார்த்தையைக் கேட்ட அப்போஸ்தலர்களுக்கு அதன் பொருளை யாரும் விவரித்துச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. அவர்கள் நாட்டிலே திராட்சைக்கொடி ஊரெங்கும் கண்ட பயிர். நமக்கோ அப்படியல்ல. வாழையைத் தெரியும், முருங்கையைத் தெரியும், அவரைப் பந்தலையும் புடலைப் பந்தலையும் தெரியும். திராட்சையையோ தள்ளுவண்டியில் கொத்தாகக் கண்டிருக்கிறோம்; கொடியிலே கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆனாலும் ஒவ்வொரு பூசையிலும் அந்தக் கொடியின் இரசமே பீடத்தின் மேல் வைக்கப்படுகிறது. வேறெந்தப் பழத்தின் இரசமும் பூசைக்குச் செல்லாது என்பது திருச்சபையின் சட்டம். ஞாயிறு தவறாமல் நாம் கேட்கிற பெயர், நம் கொல்லையில் நாம் காணாத கொடி.

ஆகையால் நம் பங்கிலே ஒரு குடும்பத்தார் துணிந்து, கிணற்றடிக்கு அப்பால் வெயில் படுகிற ஓரத்தில் ஒரு திராட்சைக்குச்சியை நட்டுப் பார்ப்போமே என்று நினைத்தால், நல்ல நினைவு என்றே சொல்லுவேன். அண்டை வீட்டார் சிரிப்பார்கள். இது நம் ஊர் மண்ணுக்கு வருமா என்று கேட்பார்கள். சிரிக்கட்டும். தேனி ஜில்லாவில் கம்பம் பள்ளத்தாக்கிலே இன்றைக்கு ஏக்கர் ஏக்கராகப் பந்தல் போட்டிருக்கும் பன்னீர் திராட்சையும் ஒரு காலத்தில் அந்நியப் பயிர்தான். 1832-ம் வருஷத்தில் பிரான்சு தேசத்துக் குருவானவர் ஒருவரே அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 2023-ம் வருஷத்தில் கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயருக்கே அரசாங்கத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் இன்று அதை வெளியூர்ப் பயிர் என்று யாரும் சொல்லுவதில்லை. வந்த கொடி வேரூன்றி, அந்த மண்ணின் பெயரையே தரித்துக்கொண்டது.

இப்படி ஒரு கொடியை நட்டு வளர்க்கிறவர்களுக்கு அந்த 15-ம் அதிகாரம் புதிதாய் விளங்கும். அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறேன்.

1. இலை மட்டும் நிறைந்த பந்தல்

திராட்சையைப் பயிரிடுவது எப்படி? முற்றி, பழுப்பு நிறமான கொடியிலிருந்து பென்சில் பருமனில், நாலு கணுவுள்ள குச்சியை எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு வேர்விடச் செய்வார்கள். தண்ணீர் தேங்காத இடத்தில் ஆழமாய்க் குழி எடுத்து, மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் இட்டு, அதில் வைப்பார்கள். பந்தலை எட்டும் வரையில் ஒரே தண்டாக ஏற்றுவார்கள். பக்கத்தில் எழும்பும் தளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுவார்கள். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி, கிளைகள் நாலு பக்கமும் படரும்படி விடுவார்கள். இதுவரைக்கும் கஷ்டமில்லை. நம் வெயிலுக்கும் தண்ணீருக்கும் கொடி மளமளவென்று போகும். வருஷம் திரும்புவதற்குள் பந்தல் முழுவதும் பச்சை. வீட்டார் பூரித்துப் போவார்கள். சிரித்த அண்டை வீட்டாரும் வந்து நிழலில் நின்று பார்ப்பார்கள்.

ஆனால் பழம்? ஒரு மாசம் பார்ப்பார்கள், இரண்டு மாசம் பார்ப்பார்கள். இலை வரும், சுருள் வரும், இலைக்கு மேல் இலை வரும். குலை மட்டும் வராது. வந்தாலும் அங்கொன்று இங்கொன்றுதான். உரம் போதவில்லையோ என்று இன்னும் உரமிடுவார்கள். இன்னும் இலை வரும்.

காரணம் இதுதான். குளிர் தேசங்களிலே பனிக்காலம் வந்ததும் திராட்சைக்கொடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு உறங்கும். வசந்த காலத்தில் எழும்பி, புதுத்தளிர் விட்டு, அந்தப் புதுத்தளிரிலே பூக்கும். நம் நாட்டில் அந்தக் குளிர் இல்லை. கொடிக்கு உறக்கமும் இல்லை. எப்போதும் பச்சையாய்ப் படர்ந்துகொண்டே போகும். ஆகவே இங்கே அந்தக் குளிர்காலத்தின் வேலையைக் கத்திதான் செய்ய வேண்டும். அதற்குக் கவாத்து என்று பெயர். முற்றின கொடியிலே நாலைந்து மொட்டுக்களை மட்டும் விட்டு, மற்றதை வெட்டி எறிவார்கள். வெட்டுண்ட கொடியின் மொட்டிலிருந்து வரும் புதுத்தளிரிலேதான் குலை பிறக்கும். டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் கோடையிலே பழம். மே, ஜூனில் செய்தால் ஆகஸ்டு, செப்டம்பரிலே பழம்.

பிரியமானவர்களே, அந்தப் பந்தலைப் பார்க்கும்போது நம்முடைய குடும்பங்களே என் நினைவுக்கு வருகின்றன. நம்மில் அநேகருக்குக் குளிர்காலம் இல்லை. சர்வேசுரன் வெயிலும் தண்ணீரும் குறையாமல் தந்திருக்கிறார். ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. பிள்ளைகள் படித்து வெளிதேசம் போனார்கள். பந்தல் நிறையப் பச்சைதான். கலியாணத்துக்கு முந்நூறு அடிக்குப் பந்தல், வாசலிலே ஆளுயரப் படம், கெபித் திருவிழாவுக்கு நம் பெயர் போட்ட விளக்குத் தோரணம், இவையெல்லாம் இலைகள். இலை பாவமென்று நான் சொல்லவில்லை. இலையில்லாமல் எந்தக் கொடியும் வாழாது. ஆனால் தோட்டக்காரர் தேடி வருவது இலையை அல்ல.

அவர் தேடுகிறது இன்னதென்று இசையாஸ் தீர்க்கதரிசி தம் ஆகமத்தின் 5-ம் அதிகாரத்தில் சொல்லுகிறார். ஆண்டவர் ஒரு தோட்டத்தைக் கொத்தி, கல் பொறுக்கி, உத்தம ஜாதிக் கொடியை நட்டுக் காத்திருந்தார். கிடைத்ததோ புளித்த காட்டுப்பழம். அவர் எதிர்பார்த்த கனி நீதி. கண்டதோ எளியவர்களின் கூக்குரல். ஆகவே உன் வீட்டிலே கனி உண்டா என்று அறிய வேண்டுமானால், வேலைக்காரிக்குப் பேசின கூலியைப் பேசின நாளில் கொடுத்தாயா என்று பார். பின்கட்டிலே படுத்திருக்கும் வயதான தாயிடம் தினமும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாயா என்று பார். மூன்றடி நிலத்துக்காகப் பேச்சை நிறுத்தின உடன்பிறந்தான் பூசையிலே அடுத்த பெஞ்சில் இருக்கையில், நீ எந்த மனதோடு நன்மை வாங்கினாய் என்று பார்.

2. கத்தி யார் கையில் இருக்கிறது?

முதன்முதல் கவாத்து செய்கிற வீட்டாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வருஷமாய்த் தண்ணீர் ஊற்றின கையாலேயே வெட்ட வேண்டும். தழைத்த கிளையை வெட்டி, பந்தலை வெறும் குச்சியாக்க வேண்டும். வெட்டின முனையிலிருந்து சொட்டுச் சொட்டாய் நீர் வடியும். வீட்டுப் பெரியவள், ஐயோ கொடி அழுகிறதே என்பாள். வழியில் போகிறவன் இதைக் கண்டால், இந்த வீட்டாருக்கும் கொடிக்கும் என்ன பகையோ என்று நினைப்பான்.

நம் வாழ்விலும் கத்தி விழுகிற காலம் உண்டு. நம்பியிருந்த உத்தியோகம் கைநழுவிப் போகிறது. பெயரும் மதிப்பும் குறைகின்றன. உடம்பின் பலம் ஒடுங்குகிறது. அப்போது நாம், பாவம் செய்தவனை விட்டுவிட்டுப் பூசைக்குப் போகிற என்னை ஏன் சுவாமி வெட்டுகிறீர் என்று முறையிடுகிறோம். உவமையை மறுபடியும் கவனியுங்கள். கனி கொடுக்கிற கிளைதான் நறுக்கப்படுகிறது. சேசுநாதர் சுவாமி அந்தச் சொல்லைத் தொடர்ந்தே, தம் வார்த்தையினால் சீஷர்கள் ஏற்கெனவே சுத்தமானார்கள் என்கிறார். கிரேக்க மூலத்திலே நறுக்குதல், சுத்தம் என்ற இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள். வெட்டுக்கும் சுத்திகரிப்புக்கும் உள்ள உறவு அவ்வளவு கிட்டினது.

கவாத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தோட்டக்காரர் தண்ணீரை நிறுத்திவிடுவார். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போதும் நிறுத்துவார். தண்ணீரை நிறுத்துகிறது கொடியைக் கைவிடுகிறதல்ல. ஜெபம் பண்ணும்போது முன்னிருந்த இனிமை இல்லை, மனம் காய்ந்து கிடக்கிறது என்று வருந்துகிற நல்ல ஆத்துமங்கள் நம்மிலே உண்டு. நாளெல்லாம் தண்ணீர் பாய்ந்த கொடியிலே பழம் சப்பென்று போகும் என்பதை அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஜெபமாலையைக் கீழே வைத்துவிட வேண்டாம்.

3. துக்க வீட்டில் ஜாக்கிரதை

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் போகக் கூடாது. இந்த உவமையைப் பிறர் மேல் கத்தியாக வீசுகிறவர்கள் உண்டு. குழந்தையைப் பறிகொடுத்த தாயின் முன்னே உட்கார்ந்து, உன்னைச் சுத்திகரிக்க ஆண்டவர் வெட்டினார் என்று சொல்லுகிறார்கள். அப்படிச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் தந்தது? எருசலேமில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தைச் சேசுநாதர் சுவாமி கண்டிப்பாய் மறுத்தார். இதை அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 13-ம் அதிகாரத்தில் காணலாம். லாசருக்காகத் துக்கப்பட்டு அழுதவர்களைக் கண்டபோது அவரும் கண்ணீர் விட்டார்.

எல்லா முறிவும் கவாத்தல்ல. புயற்காற்றிலே கொடி முறிவதுண்டு. பொறாமைக்காரன் இரவில் வந்து வெட்டுவதுண்டு. குடித்துவிட்டு மனைவியை அடிக்கிற புருஷனின் கை பிதாவின் கையல்ல, அது பாவம். அதைப் பொறுத்துக்கொள், அது உனக்குச் சிலுவை என்று அந்தப் பெண்ணை மறுபடி அதே வீட்டுக்குள் தள்ளுவது தருமமல்ல. நாம் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. எந்தக் காற்று முறித்தாலும், முறிந்த இடத்துக்குக் கீழேயும் ஒரு கணு இருக்கிறது. அதிலிருந்து தளிர் எழுப்பச் சர்வேசுரனால் கூடும் என்று நம்பி, துக்கப்படுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. வாய்ப்பேச்சு குறைவாயிருந்தால் நலம். ஒரு பானை கஞ்சி கொண்டுபோனால் இன்னும் நலம்.

4. பிள்ளைகளை வளர்க்கிறவர்களுக்கு

ஒடித்து வளர்க்காத முருங்கையும் அடித்து வளர்க்காத பிள்ளையும் உருப்படாது என்று நம் முன்னோர் பழமொழி சொன்னார்கள். முருங்கையைப் பற்றிச் சொன்னது சரி. திராட்சைக்கும் அது பொருந்தும். பிள்ளையைப் பற்றிச் சொன்னதையோ சேசுநாதர் சுவாமியின் தோட்டத்தில் கொண்டுவந்து திருத்திக்கொள்ள வேண்டும்.

கவாத்து செய்கிறவன் கோபத்திலே வெட்டுவதில்லை. பருவம் பார்த்து வெட்டுகிறான். கூர்மையான, சுத்தமான கத்தியால் வெட்டுகிறான். மொண்ணைக் கத்தி கொடியை நசுக்கும், காயத்தில் நோய் புகும். ஒவ்வொரு மொட்டையும் எண்ணி, கனி கொடுக்கப் போவது எது என்று பார்த்து நிறுத்துகிறான். கம்பை எடுத்துக் கொடியை விளாசுகிறவனைத் தோட்டக்காரன் என்று யார் சொல்லுவார்? தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளுக்குக் கோபமூட்டாமல் ஆண்டவருக்கேற்ற ஒழுங்கில் வளர்க்கவேண்டும் என்று அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதினதும் இதற்காகத்தான்.

ஆனால் வெட்டவே மனமில்லாத தாய்தகப்பன்மாரும் உண்டு. கேட்டதெல்லாம் வாங்கித் தருகிறார்கள். இராத்திரி பன்னிரண்டு மணி வரையில் பிள்ளை செல்போனும் கையுமாய் இருந்தாலும், ஞானோபதேச வகுப்புக்கு மட்டம் போட்டாலும், பாவம் குழந்தைதானே என்கிறார்கள். அந்தப் பிள்ளை தழைக்கும், சந்தேகமில்லை. பிறருக்காக ஒரு சிறு கஷ்டத்தைத் தாங்கவோ, ஒரு முறை இல்லை என்ற சொல்லைக் கேட்டுக்கொள்ளவோ அதனால் முடியாது. அன்போடும் அளவோடும் காரணத்தோடும் சொல்லுகிற ஓர் இல்லை, நாலு மொட்டுக்கு மேல் விழுகிற வெட்டு.

இன்னும் ஒன்று. தழைத்தும் காய்க்காத கொடியைப் பார்த்து, பிடுங்கி எறி என்று ஒருநாள் வீட்டுக்காரர் சலித்துச் சொல்லுவார். அதே லூக்காஸ் சுவிசேஷத்திலே, மூன்று வருஷம் காய்க்காத அத்திமரத்துக்காக இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்டு, சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று மன்றாடின தோட்டக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். வழி தப்பிப் போன மகனுக்காக வீட்டிலே ஒருவராவது அந்தத் தவணையைக் கேட்கிறவராய் இருக்கவேண்டும்.

5. கொடியோடு இருந்தால்தான் பழுக்கும்

மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். வாழைத்தாரை வெட்டிக் கட்டி வைத்தாலும் பழுக்கும். திராட்சை அப்படியல்ல. புளிப்பாய்ப் பறித்த குலை எத்தனை நாள் வைத்தாலும் புளிப்புதான்; சுருங்கிப் போகுமேயன்றி இனிக்காது. அதன் இனிப்பெல்லாம் கொடியின் வழியாக, கொடியோடு இருக்கும் நாளிலே வரவேண்டும். தம்மைவிட்டுப் பிரிந்தால் நம்மால் ஒன்றும் ஆகாது என்று சேசுநாதர் சுவாமி ஏன் அத்தனை அழுத்திச் சொன்னார் என்று இந்தப் பழம் நமக்குப் போதிக்கிறது.

வீட்டிலேயே நான் ஜெபித்துக்கொள்கிறேன், பாவசங்கீர்த்தனமும் பூசையும் எதற்கு என்று கேட்கிற வாலிபர்களே, மாம்பழமாயிருந்தால் உங்கள் நியாயம் செல்லும். நாம் மாமரத்தில் ஒட்டினவர்கள் அல்ல. ஞானஸ்நானத்தில் திராட்சைக்கொடியில் ஒட்டினவர்கள். பிரிந்த கிளைக்கு வேறு உபயோகமும் கிடையாது. வெட்டுண்ட திராட்சைக்கட்டையில் ஒரு முளை செய்து பாத்திரம் தொங்கவிடக்கூட முடியாது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி 15-ம் அதிகாரத்தில் காட்டுகிறார். தேக்கு வெட்டினாலும் தேக்கு. திராட்சையோ கனிக்கென்றே உண்டானது.

நம்மை நறுக்குகிற பிதா நம்மோடு நிறுத்தவில்லை என்பதையும் மறவாதிருப்போம். கிளைகளின் உவமையைச் சொன்ன மறுநாளிலே அந்தத் தாய்க்கொடியே குத்தப்பட்டது. அவருடைய விலாவிலிருந்து இரத்தமும் தண்ணீரும் வடிந்தன. அந்தக் காயத்திலிருந்தே திருச்சபையின் தேவதிரவிய அனுமானங்கள் புறப்பட்டன என்று பழைய காலத்து வேதபாரகர்கள் போதித்தார்கள். கத்தியின் வேதனை இன்னதென்று அறியாதவர் கையில் நாம் இல்லை.

இந்த வாரத் தீர்மானம்

பந்தல் போட இடமுள்ளவர்கள் ஒரு திராட்சைக்குச்சியை நட்டுப் பாருங்கள். நல்ல வெயில் வேண்டும், நிழலில் காய்க்காது. இலையில் சாம்பல் நோய் பூக்கும், கவனியுங்கள். அணிலுக்கும் குருவிக்கும் தப்பும்படி குலைகளைக் காகிதப் பையால் மூடுங்கள். பொறுமையாயிருங்கள். முதல் கவாத்தைப் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்து, ஏன் வெட்டுகிறோம் என்று சொல்லிக்கொடுங்கள். முதற்குலை பழுத்ததும் உங்களோடு பேசாதிருக்கிறவர் வீட்டுக்கு அதில் பாதியைக் கொடுத்தனுப்புங்கள்.

பந்தல் போட இடமில்லாதவர்களுக்கும் வேலை உண்டு. இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்தபின், நம் வீட்டில் இலை எது, கனி எது என்று ஒருவரையொருவர் குறை சொல்லாமல் பேசிப் பாருங்கள். வெட்ட வேண்டியது ஒன்றை, ஒன்றே ஒன்றை, குறித்துக்கொள்ளுங்கள். அது வீண் செலவாயிருக்கலாம், ஒரு பழைய பகையாயிருக்கலாம், கடிந்துபேசுகிற பழக்கமாயிருக்கலாம். வருகிற சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அதைக் கொண்டுவாருங்கள்.

தன் திருவயிற்றின் கனியாகிய சேசுநாதரை உலகத்துக்குத் தந்த பரிசுத்த தேவமாதா நமக்காக வேண்டிக்கொள்வாராக. அந்த மெய்யான கொடியில் நாம் கடைசிமட்டும் நிலைத்திருந்து, நறுக்கப்படும் நாளில் முறுமுறுக்காமல், அறுவடை நாளில் வெறுங்கையாய் நிற்காமல் இருக்கும் வரத்தைச் சர்வேசுரன் நம் எல்லாருக்கும் தந்தருள்வாராக.

ஆமென்.